சொல்லுக்குள் ஒளிந்த சொல்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் புதிர் மரபு

ஒரு சொல்லை நேராகச் சொல்லாமல், அதன் எழுத்தையோ பொருளையோ பிரித்து மறைத்து, கேட்பவரே கண்டுபிடிக்கும்படி விடுவது சொற்புதிர். விடுகதை, சிலேடை, வினாவுத்தரம், கரந்துறைச் செய்யுள் என்று தமிழில் இதற்குப் பல வடிவங்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த வடிவம், கட்டம் போட்ட குறுக்கெழுத்து. அதிலும் குறிப்பு ஒரு பக்கம் இழுக்க, விடை வேறொரு பக்கம் நிற்கும் கடினமான வகை சங்கேதக் குறுக்கெழுத்து. ஆங்கில நாளிதழ் வாசகர்கள் இதைக் கிரிப்டிக் என்பார்கள்.

எல்லா வடிவங்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. புதிரைப் போடுபவர் ஒருவர், அவிழ்ப்பவர் பலர். விடையைச் சொன்னதோடு வேலை முடிவதில்லை. அந்த விடை எப்படி வந்தது, குறிப்பின் எந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்று விளக்கினால்தான் புதிர் அவிழ்ந்ததாகக் கணக்கு. அதனால் புதிரின் வரலாறு அதைப் பேசித் தீர்த்த கூட்டங்களின் வரலாறும் ஆகும். கோயில், ஜமீன், அச்சகம், வாசகசாலை என்று இந்தக் கூட்டம் இடம் மாறி வந்த விதத்தை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தொடர்ச்சியாகப் பார்க்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இந்த இரண்டு ஊர்களும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. பிறகு இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் இருந்து வருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த தலம். ராஜபாளையம் விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களால் வளர்ந்த ஊர். ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் சேற்றூர் இருக்கிறது. இன்று சேத்தூர் என்று வழங்கும் அந்த ஊர் ஒரு காலத்தில் ஜமீன் தலைநகரம். பக்கத்து ஊரான முகவூர் அந்த ஜமீனின் புலவர்களைத் தந்தது.

பிசி முதல் சித்திரகவி வரை

தமிழில் புதிருக்கு இலக்கணம் மிகப் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பு வழங்கும் ஏழு நிலங்களைச் சொல்லும்போது பாட்டு, உரை, நூல், வாய்மொழி ஆகியவற்றோடு பிசியையும் சேர்க்கிறது. பிசி என்பது இன்றைய விடுகதை. ஒப்புமை காட்டி மறைப்பது, அடையாளம் சொல்லி மறைப்பது என்று அதை இரண்டாகப் பிரிப்பது உரை மரபு. ஊர்த் திண்ணைகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குப் போட்ட விடுகதைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைக்குள் அடங்கும். அவை பொருளை மறைப்பவை. எழுத்துகளைத் தொடுவதில்லை.

எழுத்துகளைத் தொட்டு ஆடும் ஆட்டம் அணியிலக்கணத்தில் வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரம் சொல்லணியியலில் மடக்கு என்ற அணியை விரித்துச் சொன்ன பின் சித்திரகவிகளைப் பட்டியலிடுகிறது. கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்து வருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம் ஆகிய 12. ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய மாறனலங்காரம் இந்தப் பட்டியலை இன்னும் நீட்டியது. மாத்திரைச் சுருக்கம், மாத்திரை வருத்தனம் போன்ற நுட்பங்களுக்கு அதில் இலக்கணம் கிடைக்கிறது.

இவற்றில் சில சங்கேதக் குறுக்கெழுத்தின் கருவிகளேதான். வினாவுத்தரத்தில் சில கேள்விகள் அடுக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விடை உண்டு. அந்த விடைகளைச் சேர்த்தால் முழு விடை கிடைக்கும். அரசனுக்கு ஓரெழுத்துப் பெயர் என்ன? கோ. ஊருக்கு இன்னொரு பெயர் என்ன? புரம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் வாசலில் 11 நிலைகளோடு 192 அடி உயரத்தில் நிற்பது எது? கோபுரம். இந்த மூன்று கேள்விகளையும் ஒரே வாக்கியமாக நெருக்கிவிட்டால் அது குறுக்கெழுத்துக் குறிப்பு.

அக்கரச்சுதகம் ஒரு சொல்லிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கி, நீக்கும்தோறும் வேறு சொல் கிடைக்கச் செய்வது. எழுத்து வருத்தனம் அதற்கு நேர்மாறாகக் கூட்டிக்கொண்டே போவது. மாத்திரைச் சுருக்கம் நெடிலைக் குறிலாக்கிச் சொல்லை மாற்றுவது. பாவாடையில் முதல் எழுத்தை எடுத்தால் வாடைக் காற்று வரும். அந்த வாடையின் நெடில் குறுகினால் வடை கிடைக்கும். தாமரையின் தலை போனால் மரை என்னும் மான், இடை போனால் தாரை. ஒரு சொல்லுக்குள் இத்தனை சொற்கள் குடியிருப்பதைக் கண்டவர்கள், அதைச் செய்யுளில் பூட்டி வைத்துப் பிறரைத் திறக்கச் சொன்னார்கள்.

மாலைமாற்று முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது. ஆடிப்பூரத்துக்குப் பெரிய தேர் ஓடும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ‘தேரு வருதே’ என்ற எடுத்துக்காட்டைச் சிறுவர்களும் அறிவார்கள். கரந்துறைச் செய்யுள் ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் வேறொரு செய்யுளை ஒளித்து வைப்பது. சிலேடையைத் தண்டியலங்காரம் பொருளணியியலில் வைத்து, சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தரும் செம்மொழிச் சிலேடை, பிரித்தால் வேறு பொருள் தரும் பிரிமொழிச் சிலேடை என்று வகுக்கிறது. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பொருத்திய காளமேகத்தின் பெயரை இந்தக் கலையில் அறியாதவர் இல்லை.

வில்லிபுத்தூரும் வாதும்

ஸ்ரீவில்லிபுத்தூரின் பழங்கதைகளில் சபையில் கேள்விக்கு விடை சொல்லி வெல்லும் நிகழ்ச்சி நடுநாயகமாக இருக்கிறது. குருபரம்பரை நூல்கள் சொல்லும் வரலாறு இது. வல்லபதேவன் என்ற பாண்டியன், பரம்பொருள் எது என்ற கேள்வியை எழுப்பி, விடையை நிறுவுபவருக்கு உரியது என்று பொற்கிழி ஒன்றைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டான். அரசனின் புரோகிதரான செல்வநம்பியின் ஏற்பாட்டில் நடந்த அந்தச் சபைக்கு வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டிவந்த விஷ்ணுசித்தர் வந்தார். வேதங்களிலிருந்து விடையை நிறுவினார். கம்பம் வளைந்து கிழி தாழ்ந்தது. அவரே பெரியாழ்வார்.

இரண்டாவது கதை அவர் பெயரைத் தாங்கிய இன்னொருவரைப் பற்றியது. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் இந்த ஊரில் பிறந்தவர் அல்ல. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரைச் சேர்ந்தவர். பெரியாழ்வார் மீது கொண்ட பக்தியால் தந்தை அவருக்கு அந்தப் பெயரை வைத்தார் என்பர். புலவர்களை வாதுக்கு அழைத்து, தோற்றவரின் காதைக் குறடு கொண்டு அறுப்பவராக அவரைக் கதைகள் காட்டுகின்றன. அருணகிரிநாதருடன் நடந்த வாதில், அருணகிரியார் பாடப் பாட வில்லிபுத்தூரார் உடனுக்குடன் பொருள் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப் பாடப்பட்ட கந்தரந்தாதியின் 53 பாடல்களுக்குப் பொருள் சொன்னவர், முழுவதும் தகர வரிசை எழுத்துகளாலேயே அமைந்த 54ஆம் பாடலில் தடுமாறி நின்றார். அருணகிரியாரே பொருளை விளக்கி, அவர் காதை அறுக்காமல் விட்டார்.

கதை எவ்வளவு தூரம் வரலாறு என்பது வேறு கேள்வி. போட்டியின் விதிகள் கவனிக்கத்தக்கவை. ஒரு பக்கம் புதிராகத் தோன்றும் செய்யுள். மறுபக்கம் சொற்களை எங்கே பிரிப்பது, எதை எதோடு கூட்டுவது என்று கண்டு பொருள் சொல்ல வேண்டிய ஒருவர். நடுவில் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் சபை. போட்டவரே பொருளை விளக்கிக் காட்ட வேண்டியிருந்தது என்பது மிக முக்கியம். விடை இல்லாத புதிரைப் போட்டு வெல்ல அங்கே இடமில்லை.

வாது மட்டுமல்லாமல் அமைதியாகக் கூடி விளக்கம் கேட்கும் மரபும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேரூன்றியது. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களைப் போல இங்கும் அரையர் சேவை நடைபெறுகிறது. பாசுரத்தை இசையோடு பாடி, அபிநயித்து, பிறகு அதன் வியாக்கியானத்தை அரையர் சொல்வார். திருப்பாவை உரைகளில் வெளிப்படையான பொருளுக்கு அப்பால் உள்ளுறைப் பொருள் ஒன்றும் சொல்லப்படும். ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை துயிலெழுப்பப்படும் பத்துப் பெண்களும் பத்து ஆழ்வார்களைக் குறிப்பார்கள் என்று காட்டுவது அதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. பாசுரம் பக்தி, புதிர் விளையாட்டு. ஆனாலும் மேலே தெரியும் பொருளோடு நின்றுவிடாமல் உள்ளே போய்த் தேடும் பழக்கத்தையும், தேடிக் கண்டதற்குச் சொல்லிலேயே ஆதாரம் காட்டும் ஒழுங்கையும் இந்த விளக்கக் கூட்டங்கள் தலைமுறைகளுக்குப் பழக்கின.

தெலுங்கு வீடுகளில் பெரியாழ்வாரின் கதை வேறு வழியில் வந்தது. கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய ஆமுக்தமால்யத என்ற தெலுங்குக் காவியம் விஷ்ணுசித்தரையும் ஆண்டாளையும் பற்றியது. கதைக்களம் வில்லிபுத்தூர். பாண்டியனின் மதுரைச் சபையில் நடந்த வாதும் அதில் விரிவாக வருகிறது. எளிதில் அவிழாத சொற்கட்டுக்குப் பெயர்போன அந்தக் காவியத்தை ராஜபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா தமிழாக்கினார். பலர் கேட்பவற்றைக் கவனத்தில் வைத்து விடை சொல்லும், தெலுங்கில் வளர்ந்த அவதானக் கலையும் சபைப் புதிரின் உறவுதான். ஈற்றடியைக் கொடுத்து முழுப் பாட்டைக் கேட்பது அதன் உறுப்புகளில் ஒன்று. தமிழில் இந்தக் கலையின் உச்சம் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானம்.

சேற்றூர்ப் புலவர்களும் அச்சுக்கு வந்த தனிப்பாடலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்பாண்டி நாட்டின் புலமை பெரும்பாலும் ஜமீன்களை அண்டி வாழ்ந்தது. எட்டயபுரம், ஊற்றுமலை, சிவகிரி, சேற்றூர் என்று ஒவ்வொரு அரண்மனையிலும் புலவர்கள் இருந்தார்கள். சேற்றூரில் அந்த இடம் முகவூர்க் கவிராயர் குடும்பத்துக்கு. இராமசாமிக் கவிராயரும், அவருடைய புதல்வர்களான அருணாசலக் கவிராயர், சுப்பிரமணியக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் ஆகியோரும் அறியப்பட்டவர்கள். காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இளமையில் இராமசாமிக் கவிராயரிடம் பாடம் கேட்டவர்.

அரண்மனைச் சபையில் புலவருக்குப் புலவர் வைக்கும் சோதனை பெரும்பாலும் தனிப்பாடல் வடிவில் இருந்தது. சமஸ்யையாக ஈற்றடி கொடுப்பது, இரு பொருட்களுக்குச் சிலேடை கேட்பது, எழுத்தைக் குறைத்தும் கூட்டியும் பெயரை மறைத்துச் சொல்வது எல்லாம் வழக்கம். இத்தகைய பாடல்கள் ஏட்டில் ஒழுங்காக எழுதப்பட்டவை அல்ல. சொன்னவர் வாயிலிருந்து கேட்டவர் நினைவுக்குப் போய், விளக்கத்தோடு சேர்ந்து பரவியவை. விளக்கம் மறந்துபோனால் பாட்டு வெறும் ஒலிக்கூட்டம்.

இந்தப் பாடல்களை அச்சில் காப்பாற்றும் வேலை இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்த தனிப்பாடல் திரட்டோடு வலுப்பெற்றது. அதே வேலையைச் சேற்றூர் வட்டாரத்திலிருந்து தொடர்ந்தவர் மு. ரா. கந்தசாமிக் கவிராயர். மதுரையில் விவேகபாநு என்ற இதழை நடத்தியவர் அவர். பாரதியின் அச்சேறிய முதல் பாடலாகக் கருதப்படும் ‘தனிமை இரக்கம்’ 1904 ஜூலையில் வந்தது அந்த இதழில்தான். 1908இல் அவர் வெளியிட்ட தனிச்செய்யுட் சிந்தாமணி பல காலத்துப் புலவர்களின் தனிப்பாடல்களைத் திரட்டிய பெருந்தொகுப்பு. அரண்மனைக்குள் புழங்கிய சொல்விளையாட்டு இத்தகைய தொகுப்புகளின் வழியாகக் காசு கொடுத்து வாங்கும் எவருக்கும் கிடைத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபோது சபைகள் மறைந்தன. பாடல்கள் புத்தகத்தில் தங்கின.

அச்சு வந்தபின் கூட்டம் கூடும் இடமும் மாறியது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகம் 1875இல் தொடங்கியது. அன்றைய திருநெல்வேலி ஆட்சியரின் பெயரைத் தாங்கிய அது தமிழகத்தின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. ஒரே இதழை ஒரே நாளில் பலர் படிக்கும் இடம் வாசகசாலை. புதிர் பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

கட்டங்கள் வந்த கதை

குறுக்கெழுத்தின் பிறப்பு 1913 டிசம்பர் 21. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்ட் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவக் கட்டத்தில் அதை வெளியிட்டார். 1924இல் புத்தகமாக வந்தபின் அமெரிக்காவில் அது பெரும் மோகமானது. இங்கிலாந்து அதை வாங்கித் தன் போக்கில் மாற்றியது. எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் 1926 முதல் அப்சர்வர் இதழில் முழுக்க முழுக்கச் சங்கேதக் குறிப்புகளையே கொடுத்தார். லண்டன் டைம்ஸ் 1930 பிப்ரவரி 1 அன்று தன் குறுக்கெழுத்தைத் தொடங்கியது.

தமிழுக்குக் குறுக்கெழுத்து பரிசுப் போட்டியாகத்தான் பெரிய அளவில் வந்தது. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசன் 1930களில் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் இதழின் விற்பனையை உயர்த்தின. வேறு இதழ்களும் இதே வழியில் இறங்கின. நுழைவுக் கட்டணம் கட்டி, கூப்பனை நிரப்பி அனுப்ப வேண்டும். முத்திரையிட்டு வைத்த விடையோடு பொருந்தினால் பரிசு.

இந்தப் போட்டிகளின் குறிப்பு நடை சங்கேத நடை அல்ல. ஓர் எழுத்து மட்டும் விடுபட்ட சொல்லுக்கு இரண்டு மூன்று விடைகள் பொருந்தும்படி எழுதப்படுவதே அவற்றின் உத்தி. ‘-ணம்: இது உள்ளவனை உலகம் மதிக்கும்’ என்று ஒரு குறிப்பு இருந்தால் குணமும் பொருந்தும், பணமும் பொருந்தும். எது சரி என்று குறிப்பை எவ்வளவு உடைத்துப் பார்த்தாலும் தெரியாது. அதனால் இரண்டுக்கும் தனித்தனிக் கூப்பன் அனுப்புவார்கள். கூப்பன் பெருகினால் நடத்துபவருக்கு வருமானம். அருணகிரியாரின் வாதில் போட்டவர் பொருளைக் காட்ட வேண்டியிருந்தது. இங்கே நடத்துபவர் விடையை அறிவித்தால் போதும்.

இது திறமையா சூதா என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போனது. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டியைப் பெயர் சொல்லியே தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் 2,000ஐத் தாண்டக் கூடாது, அதற்கும் உரிமம் வேண்டும் என்று விதித்தது. பெங்களூரிலிருந்து பரிசுக் குறுக்கெழுத்துகளை நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957இல் சட்டத்தை உறுதி செய்தது. அதே தீர்ப்பில், திறமையே பெரிதும் முடிவு செய்யும் போட்டிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றும் கூறியது. பெரிய பரிசு போனதும் கூட்டம் கலைந்தது. பரிசில்லாத சிறு குறுக்கெழுத்து இதழ்களின் ஓரத்தில் நிலைத்தது.

சங்கேதக் குறிப்பின் அமைப்பு

சங்கேத வகை தமிழ்நாட்டுக்கு ஆங்கில நாளிதழ் வழியாக வந்தது. சென்னையின் தி ஹிந்து 1971இல் தன் குறுக்கெழுத்தைத் தொடங்கியது. செங்கல்பட்டில் பிறந்து, இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்ற ராம்தாஸ் கட்டாரி அதன் தொடக்ககாலப் புதிராசிரியர். தமிழில் இந்த வகையை ஊன்றி வளர்த்தவர்களில் முதன்மையாகச் சொல்ல வேண்டியவர் கணிதப் பேராசிரியரான வாஞ்சிநாதன். கலிபோர்னியாவிலிருந்து வெளிவரும் தென்றல் மாத இதழில் அவர் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர்கள் பல ஆண்டுகள் வந்தன.

சங்கேதக் குறிப்பு இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது விடையின் எழுத்துகளைக் கட்டும் வழி. இவை இரண்டும் தடயம் தெரியாமல் ஒட்டி, இயல்பான ஒரு வாக்கியம்போலத் தோன்ற வேண்டும். நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும். அடைப்புக்குள் உள்ள எண், விடை பிடிக்கும் கட்டங்களின் எண்ணிக்கை. கீழே வருபவை இந்த வட்டாரத்துச் சொற்களைக் கொண்டு அமைத்த மாதிரிகள்.

‘பால் கொடுத்து அரசனை வரச்சொல், ஸ்ரீவில்லிபுத்தூர் இனிக்கும் (4).’ பால், அரசனுக்குக் கோ, வரச்சொல்வதற்கு வா. சேர்த்தால் பால்கோவா. பழைய கணக்கில் இது வினாவுத்தரம், பிரிமொழிச் சிலேடையின் உறவு.

‘ராஜபாளையத்துக்குள் தென்னம்பூவின் உறை (2).’ ஊர்ப் பெயரின் நடுவிலேயே பாளை இருக்கிறது. ‘உள்’ என்பது அதைக் காட்டும் கைகாட்டி. இது கரந்துறையின் வழி.

‘அரசாட்சி செய்தாள் கோதை (4).’ வாக்கியத்தின் இரண்டு பாதிகளும் ஒரே விடைக்கு இரண்டு நேர்ப்பொருள்கள். ஆண்டாள் என்பது வினைமுற்றும் ஆகும், கோதையின் மறுபெயரும் ஆகும். சொல்லைப் பிரிக்கவில்லை என்பதால் இது செம்மொழிச் சிலேடை.

‘தவம் கலைந்தால் கொலை (3).’ தவம் என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் வதம். படிப்பவர் மனம் முனிவரிடமும் அவர் கோபத்திடமும் போய்விடும். ‘கலைந்தால்’ என்ற சொல் எழுத்துகளைத்தான் கலைக்கச் சொல்கிறது என்பதைப் பிடித்தால் விடை கையில்.

இப்படி எழுத்துகளைக் கலைத்தடுக்கும் உத்தி ஆங்கிலத்தில் மிகுதி, தமிழில் அரிது. தமிழில் ஒரு கட்டத்தில் நிற்பது உயிர்மெய் முழுவதும். 247 எழுத்துகளில் 216 உயிர்மெய்கள். ‘கோ’வைப் பிரித்துக் க் தனியாக, ஓ தனியாக எடுக்க முடியாது. அதனால் கலைத்தால் சொல்லாக நிற்கும் இணைகள் குறைவு. எழுத்தை நீக்குதல், கூட்டுதல், மாத்திரையைக் குறுக்குதல் ஆகியவை தமிழுக்கு எளிதாக வருகின்றன. சித்திரகவிப் பட்டியலில் இவை நிறைந்திருப்பதற்கும் இதுவே காரணமாகலாம்.

கட்டம் அமைப்பதிலும் தமிழ் எழுத்து தன் விதிகளைப் போடுகிறது. மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வரும். பால்கோவாவை இடமிருந்து வலமாக எழுதினால் பா, கோ, வா மூன்றிலிருந்தும் கீழ்நோக்கிச் சொற்களைத் தொடங்கலாம். ல் நிற்கும் கட்டம் கீழே போகும் சொல்லின் நடுவிலோ கடைசியிலோதான் அமைய வேண்டும். ஆண்டாள் இன்னும் கடினம். ஆ நிற்கும் கட்டத்தில் குறுக்கே வெட்டும் சொல்லும் ஆவிலேயே தொடங்கியாக வேண்டும். ண், டா, ள் மூன்றும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. அதனால் அந்தப் பெயரைக் கட்டத்தின் எந்த மூலையில் வைப்பது என்பதே புதிராசிரியருக்கு ஒரு புதிர்.

சந்தியும் கவனிக்க வேண்டியது. ராஜபாளையம் உருபேற்கும்போது ‘ம்’ போய் ‘த்து’ வருகிறது. ‘யம்’ என்ற எழுத்துகள் விடைக்குத் தேவைப்பட்டால் அந்தக் குறிப்பு உடைந்துவிடும். வல்லெழுத்து மிகும் இடங்களில் இல்லாத எழுத்து ஒன்று வந்து சேரும். அதையும் கணக்கில் கொள்வதா விடுவதா என்பதை அமைப்பவர் தொடக்கத்திலேயே முடிவு செய்து, கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டும்.

கூடிப் பேசும் ஒழுங்கு

சங்கேதப் புதிரைத் தனியாக உட்கார்ந்தும் அவிழ்க்கலாம். ஆனால் அதன் சுவை பேச்சில்தான் முழுமை பெறுகிறது. ஒருவருக்கு நேர்ப்பொருள் புலப்படும், வழி தெரியாது. இன்னொருவர் எழுத்துகளைக் கட்டிவிடுவார், அப்படி ஒரு சொல் உண்டா என்று தெரியாது. இலக்கியம் படித்தவருக்குப் பழஞ்சொல் பிடிபடும், சந்தைக்குப் போய்வருபவருக்கு வழக்குச்சொல் பிடிபடும். விடை கிடைத்த பிறகு, இந்தக் குறிப்பில் எந்தச் சொல்லாவது வேலையில்லாமல் நிற்கிறதா, கைகாட்டிச் சொல் சரியான திசையைக் காட்டுகிறதா, வாக்கியம் இயல்பாக ஓடுகிறதா என்று அலசுவார்கள். நல்ல குறிப்பு என்று ஒருமனதாகத் தேறுவது இந்த அலசலில்தான்.

ஆங்கிலத்தில் இந்த ஒழுங்குக்கு எழுத்துருவம் தந்தவர் சைமனிஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டி. எஸ். மக்நட். 1966இல் வந்த அவருடைய நூல், துல்லியமான நேர்ப்பொருள், நியாயமான கட்டுவழி, இவற்றுக்கு மேல் எதுவும் இல்லாமை என்ற மூன்றையும் நல்ல குறிப்பின் அளவுகோலாக வைத்தது. தமிழில் உரையாசிரியர்கள் கைக்கொண்ட ஒழுங்கும் இதற்கு அயலானது அல்ல. மிகைச்சொல் இல்லை என்று காட்டுவது, ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை சொல்வது, இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால் ஏன் ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுகிறோம் என்று காரணம் காட்டுவது எல்லாம் அவர்கள் நாள்தோறும் செய்தவை.

இந்த வரலாற்றில் நிலைத்தவற்றையும் நிலைக்காதவற்றையும் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பொற்கிழி, ஜமீன் சன்மானம், கூப்பன் பரிசு என்று பரிசுகள் வந்து வந்து போயின. விடைக்குக் காரணம் காட்ட முடிந்த புதிர்கள் மட்டும் பரிசு போன பின்பும் பேசப்பட்டன. குணமா பணமா என்று ஊகிக்க வைத்தவை இன்று யாருக்கும் நினைவில்லை. காளமேகத்தின் சிலேடை இன்றும் வகுப்பறையில் இருக்கிறது.

ஆங்கில மாதிரியைப் பார்த்துத்தான் தமிழில் சங்கேதக் குறுக்கெழுத்து அமைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிதாகத் தொடங்குபவர் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலையும், ஒரு தனிப்பாடல் தொகுப்பையும், நல்ல அகராதி ஒன்றையும் மேசையில் வைத்துக்கொள்ளட்டும். அமைத்த குறிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் நாலு பேரிடம் போட்டுப் பார்க்கட்டும். விடையைச் சொன்னதும் அவர்கள் ‘அட, இதுதானா’ என்றால் குறிப்பு தேறியது. ‘எப்படி?’ என்று கேட்டு, விளக்கிய பின்னும் முகம் தெளியாவிட்டால் அதைத் திரும்ப எழுத வேண்டும்.